676 தக்கைகள்

அமெரிக்க வீடுகளின் பின்பக்கத்தில், தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில், மரப்பலகைகளால் ஒரு திறந்த தளம் போட்டிருப்பார்கள். ஆங்கிலப் படங்களில் குடும்பமே உட்கார்ந்து இறைச்சி சுட்டுத் தின்னும் இடம் அதுதான். 'டெக்' என்பார்கள். நம்மூரில் அந்த வேலையை மொட்டை மாடியும் திண்ணையும் பார்த்துக்கொள்வதால் இதைப் பற்றி யாரும் யோசித்திருக்க மாட்டோம். அடுத்த முறை அப்படி ஒரு டெக்கைப் படத்தில் பார்த்தால், ஆட்களை விட்டுவிட்டுக் காலுக்குக் கீழே இருக்கும் பலகையைப் பாருங்கள். பெரும்பாலான டெக்குகளில் வரிசையாக ஸ்க்ரூ தலைகள் தெரியும். சிலவற்றில் எதுவுமே தெரியாது. பலகைகள் தானாகவே அங்கே படுத்துக்கொண்டது போல இருக்கும்.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். பலகையில் சின்னச் சின்ன வட்டங்கள். சட்டை பட்டன் அளவுதான். அதே மரம், அதே நிறம், ரேகை கூட ஒரே திசையில் ஓடும். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்று கேட்டால், முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

விலை உயர்ந்த டெக்குகளுக்கு அங்கே அதிகம் போடுவது 'இப்பே' என்ற தென் அமெரிக்க மரம். முக்கியமாக பிரேசிலில் இருந்து வருகிறது. பெங்களூரில் மார்ச் மாதம் சாலை முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்துக் கொட்டுமே டபேபுயா, அதன் நெருங்கிய சொந்தக்கார மரம். பூவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மரத்தின் கடினத்தை அளக்க 'ஜான்கா' என்றொரு சோதனை இருக்கிறது. ஒரு சிறிய இரும்புக் குண்டைப் பாதி அளவுக்கு மரத்துக்குள் அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். தேக்குக்குச் சுமார் 1,100. இப்பேவுக்கு 3,500 பக்கம்! தேக்கைப் போல மூன்று மடங்கு. அதன் சில துண்டுகளைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது, மூழ்கிவிடும். 'வைரம் பாய்ந்த கட்டை' என்று நம் ஆட்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

இந்த மரத்தில் ஆணி இறங்காது. ஸ்க்ரூவை நேரடியாகத் திருகினால் பாதியிலேயே தலை முறிந்து கையில் வந்துவிடும். அதிலும் இங்கே போட வேண்டியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா இரும்பு போட்டால் மழையில் துருவும் மரச்சாறும் சேர்ந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மை கொட்டியது போலக் கறுப்புக் கறை பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் கறை பிடிக்காது, ஆனால் கடினப்படுத்திய சாதா ஸ்க்ரூவை விட மிருதுவானது, சீக்கிரம் முறியும். ஆகவே ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முன்னாலேயே துளை போட்டாக வேண்டும். துளை போடும்போது மஞ்சள் பச்சையாக ஒரு தூள் பறக்கும். சிலருக்கு அது தோலில் பட்டால் அரிப்பு, மூக்கில் ஏறினால் அடுக்குத் தும்மல்.

துளை எப்படியும் போடத்தான் போகிறோம், அதை மேலே மட்டும் கொஞ்சம் அகலமாகப் போட்டு ஸ்க்ரூ தலையை உள்ளே இறக்கிவிட்டால் மேலே மரத்தால் மூடிவிடலாமே என்று யோசித்ததுதான் இந்தத் தக்கை முறை. யோசித்தது டெக் போடுபவர்கள் இல்லை, கப்பல் கட்டுபவர்கள். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் கணக்கு. (காமர்ஸ் படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.) 16 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள ஒரு நடுத்தர டெக் என்று வைத்துக்கொள்வோம். பலகைக்குக் கீழே தாங்கும் குறுக்குச் சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்று. 16 அடிக்கு 13 சட்டம் வரும். பலகையின் அகலம் ஐந்தரை அங்குலம், இடைவெளி ஒரு நூல், அதாவது 1/8 அங்குலம். 12 அடியை மூட 26 பலகை வேண்டும். ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு சட்டத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டு ஸ்க்ரூ. 26 பெருக்கல் 13 பெருக்கல் 2. மொத்தம் 676 ஸ்க்ரூ, 676 தக்கை.

ஒரு தக்கைக்குத் துளை, ஸ்க்ரூ, பசை, தட்டுவது, சீவுவது, தேய்ப்பது எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் என்றால்கூட இருபத்திரண்டரை மணி நேரம். மூன்று நாள் கூலி! ஸ்க்ரூ தலை தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டால் இதில் பெரும்பகுதி மிச்சம்.

வேறு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. பலகையின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் கிளிப்பைச் செருகி, கிளிப்பைச் சட்டத்தோடு திருகிவிடலாம். மேலே துளையே இருக்காது. மேலே சொன்ன டெக்குக்குச் சுமார் 325 கிளிப் போதும், ஸ்க்ரூவில் பாதிகூட இல்லை. பார்க்கவும் சுத்தம். ஆனால் கிளிப் பலகையின் ஓரத்தைத்தான் பிடித்திருக்கிறது, நெஞ்சைப் பிடிக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் இப்பே மாதிரியான கட்டை முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தால், அந்த மெல்லிய உதடு எவ்வளவு தாங்கும் என்பதில் தச்சர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. நடுவில் ஒரு பலகை மட்டும் கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றுவதும் லேசில்லை, ஏனென்றால் அதன் கிளிப்புகள் பக்கத்துப் பலகையையும் பிடித்துக்கொண்டிருக்கும். தக்கை முறையில் ஸ்க்ரூ பலகையின் முகத்திலிருந்து நேராகச் சட்டத்துக்குள் இறங்குகிறது. அவசரத்துக்கும் மலிவுக்கும் கிளிப் சரி. பலகை அசையக் கூடாது என்றால் தக்கைதான்.

சரி, வேலைக்கு வருவோம். பார்க்க எளிது, செய்யும்போதுதான் வில்லங்கம் தெரியும்.

முதல் சிக்கல் ஆழம். அமெரிக்காவில் '1 அங்குலப் பலகை' என்று விற்பது இழைத்த பிறகு உண்மையில் முக்கால் அங்குலம்தான் (இது வியாபார ரகசியம் எல்லாம் இல்லை, ஊரறிந்த வழக்கம்). அதில் 3/8 அங்குல ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினால், ஸ்க்ரூ தலைக்குக் கீழே மிஞ்சும் மரமும் 3/8 அங்குலம்தான். பலகையில் பாதி போயிற்று. மிஞ்சிய பாதிதான் பலகையைக் கீழே அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஆழத்தைக் கால் அங்குலமாகக் குறைத்தால் பலகைக்கு நல்லது, ஆனால் தக்கை மெலிந்து தகடு போல் ஆகிவிடும், சில வருடத்தில் தேய்ந்து எழும்பிவிடும். அதனால்தான் தக்கை வைக்க விரும்புபவர்கள் 1 அங்குலம் முழுசாக வரும் தடித்த பலகையை வாங்குகிறார்கள். 3/8 தோண்டினாலும் 5/8 மிஞ்சும். பலகைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் ஒரு பங்கு, வெளியே தெரியாத அந்தக் குழிக்குத்தான்.

அடுத்தது தக்கை. கடையில் கிடைக்கும் உருளைக் குச்சியை வாங்கித் துண்டு துண்டாக நறுக்கினால் தக்கை ஆகிவிடாதா என்று தோன்றும். ஆகும், ஆனால் அசிங்கமாக இருக்கும். குச்சியின் மேல் முகம் மரத்தின் குறுக்கு வெட்டு. நார்களின் வாய் அத்தனையும் மேலே திறந்திருக்கும். எண்ணெய் பூசினால் அது மட்டும் இரண்டு மடங்கு குடித்துக் கறுத்துவிடும். டெக் முழுக்க 676 கறும்புள்ளி, அம்மை போட்டது போல! மழைநீரையும் அதே வேகத்தில் குடிக்கும். எனவே தக்கையைப் பலகையின் முகத்திலிருந்து, அதற்கான வட்ட வெட்டுக் கருவியால், செங்குத்தாகக் குடைந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் தக்கையின் மேலும் ரேகை படுத்தவாக்கில் ஓடும். மிச்சம் விழுந்த அதே பலகைத் துண்டிலிருந்து எடுத்தால் நிறமும் ஒத்துப்போகும். அடி லேசாகக் குறுகிய தக்கை என்றால் இன்னும் விசேஷம், தட்டத் தட்டக் குழியின் விளிம்பை இறுக்கிக்கொள்ளும்.

வைக்கும்போது ரேகையைப் பலகையின் ரேகையோடு ஒட்டித் திருப்பி வைக்க வேண்டும். அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். மரம் ஈரத்தில் நார் குறுக்கேதான் விரியும், நீளவாக்கில் கிட்டத்தட்ட விரியவே விரியாது. ரேகை குறுக்காக இருந்தால் தக்கை ஒரு பக்கம் இழுக்கும், பலகை இன்னொரு பக்கம் இழுக்கும். நடுவில் பசை மாட்டிக்கொண்டு முழிக்கும்.

பசைக்கு இப்பேவின் எண்ணெய்ப் பசை ஒரு தலைவலி. குழியையும் தக்கையையும் அசிட்டோன் தொட்டுத் துடைத்துவிட்டுத்தான் பலர் ஒட்டுகிறார்கள். பிறகு கொட்டாப்புளியால் லேசாக ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் தக்கை உள்ளேயே பிளக்கும்.

பசை காய்ந்ததும் தலை நீட்டிக்கொண்டிருக்கும் தக்கையைச் சீவ வேண்டும். இந்த இடத்தில்தான் ஆசாரியின் கை தெரியும். உளியை எடுத்து ஒரே போடாகப் பலகை மட்டத்துக்குச் சீவினால், ரேகை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், வெட்டு ரேகையோடு சேர்ந்து உள்ளே போய்விடும். தக்கையின் பாதி பெயர்ந்து குழி விழும். அனுபவசாலிகள் முதலில் மேலே கொஞ்சம் விட்டு ஒரு சின்னச் சில்லை எடுப்பார்கள். அந்தச் சில் மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து சீவுவார்கள். கடைசியில் உப்புத்தாள். 676 தடவை!

இப்போது கப்பலுக்கு. மரக்கப்பலின் மேல்தளத்தில் பலகைகளை அடித்த இடங்களில் எல்லாம் இதே மாதிரி தக்கை வைத்து மூடுவது பழைய வழக்கம். உப்புத்தண்ணீர் உலோகத்தைத் தொடக் கூடாது, வெறுங்காலோடு ஓடும் மாலுமியின் பாதம் கிழியக் கூடாது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து. கப்பல்கள் இரும்புக்கு மாறிய பிறகும் தளம் மட்டும் வெகுகாலம் மரமாகவே இருந்தது. இரும்புத் தளத்தில் மரைக் கம்பிகளைப் பற்றவைத்து, அதன்மேல் தேக்குப் பலகையைப் போட்டு, குழிக்குள் நட்டை முடுக்கி, மேலே தக்கை. 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்ட மிசௌரி போர்க்கப்பலின் தளமும் தேக்குதான். படங்களில் தளபதிகள் நிற்கும் பலகைகளை உற்றுப் பாருங்கள்.

தேக்கு என்றதும் ஒரு கிளைக்கதை. ஆங்கிலத்தின் 'டீக்' என்ற சொல்லே நம் 'தேக்கு'தான், மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போனது. நெப்போலியன் போர்களின்போது பிரிட்டனில் ஓக் மரம் தட்டுப்பட, பிரிட்டிஷ் கடற்படை பம்பாயில் வாடியா குடும்பத்தின் மேற்பார்வையில் தேக்கால் கப்பல் கட்டியது. 1817-ல் அங்கே கடலில் இறக்கிய ஒரு கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் திருகோணமலை! (ஆங்கிலேயர் வாயில் 'டிரிங்கோமலி'.) இருநூறு வருடம் தாண்டியும் மிதக்கும் கப்பலுக்கு நம்மூர்ப் பெயர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே தக்கை வேலை ஒரு தலைமுறைப் படகுகளைக் கெடுத்த கதையும் இருக்கிறது. 1970, 80-களில் தைவானில் கட்டிய பல உல்லாசப் படகுகளில் உடம்பு ஃபைபர் கிளாஸ். தளத்தில் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே லேசான மரம் அடைத்திருப்பார்கள், எடை குறைய வேண்டும் என்பதற்காக. அழகுக்கு அதன்மேல் தேக்குப் பலகை, நூற்றுக்கணக்கான ஸ்க்ரூ, மேலே தக்கை. வாங்கியவர்களுக்கு ஏக சந்தோஷம். தளத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ, தேக்கு மெலிந்தது, தக்கைகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. ஒவ்வொரு ஸ்க்ரூ துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். மேலே பளபளவென்று தேக்கு, உள்ளே மரம் ஊறிய ரஸ்க் போல. இன்று புதிதாகத் தேக்குத் தளம் போடுபவர்கள் பெரும்பாலும் ஸ்க்ரூவே இல்லாமல் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். காரணம் இந்த அனுபவம்தான்.

வீட்டு டெக்குக்கும் இதே கேள்வி உண்டு. மேலே இப்பே. அதைத் தாங்கும் சட்டமோ மருந்து ஏற்றிய சாதாரண பைன் மரம். இப்பே நாற்பது வருடம் கூட இருக்கும் என்கிறார்கள், பைன் சட்டம் அவ்வளவு காலம் தாங்குவது அபூர்வம். (கம்பெனிச் சட்டம் 2013 வந்த பிறகு, ஒரே சொத்தின் முக்கியமான பாகங்களுக்கு ஆயுள் வேறு வேறு என்றால் தேய்மானத்தையும் தனித்தனியாகப் போட வேண்டும் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.) போதாததற்கு ஒவ்வொரு ஸ்க்ரூவும் பலகையைத் தாண்டிச் சட்டத்தின் நெற்றியில் இறங்குகிறது. ஒரு தக்கை சரியாக ஒட்டாமல் போனால் அந்தக் குழி ஒரு கிண்ணம். மழை நிரம்பும், ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கும். சட்டத்தின் மேல்முகத்தில் நீர் புகாத நாடா ஒட்டுவது இதற்காகத்தான். மருந்திலும் ஒரு விஷயம் உண்டு. 2003 கடைசியில் வீட்டு உபயோகத்துக்கான மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்தை அமெரிக்காவில் நிறுத்தினார்கள். பதிலுக்கு வந்தவற்றில் செம்பு அதிகம், அது சாதா இரும்பை வேகமாக அரிக்கும். ஸ்டெயின்லெஸ் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் மெல்ல இறங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2015 ஜூன் 16, கலிஃபோர்னியாவின் பெர்க்லி. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 21-வது பிறந்தநாள் விருந்து. கோடை விடுமுறைக்கு வேலை பார்க்க அயர்லாந்திலிருந்து வந்திருந்த மாணவர்கள். பால்கனி அப்படியே சுவரோடு முறிந்து மடங்கியது. 6 பேர் இறந்தார்கள், 7 பேர் படுகாயம். நம் வகுப்பில் உட்காரும் வயதுதான் எல்லாருக்கும். அந்தக் கட்டடம் ஒன்றும் பழசு இல்லை. பால்கனியைத் தாங்கிய மர உத்திரங்கள் ஈரம் புகுந்து உள்ளுக்குள் மக்கியிருந்தன, வெளியே இருந்து பார்த்தால் தெரியாதபடி. அது தக்கை வைத்த டெக் இல்லை, கட்டிய விதமே வேறு. ஆனால் மூடி வைத்த மரத்துக்குள் தண்ணீர் செய்யும் வேலை ஒன்றுதான். 2018-ல் அந்த மாநிலம் இப்படிப்பட்ட பால்கனிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதிக்கச் சட்டம் போட்டது.

இப்பே மரத்துக்கும் தாராளக் காலம் முடிந்துவிட்டது. காட்டில் அது தோப்பாக வளர்வதில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். அதைத் தேடிப் போகும் பாதையில்தான் மற்ற மரங்களும் விழுகின்றன. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரை நடைபாதைக்கே இது வண்டி வண்டியாகப் போனது. 2008-ல் அந்த நகரம் வெப்பமண்டலக் காட்டு மரங்களை வாங்குவதைக் குறைக்கப் போவதாக அறிவித்து, சில பகுதிகளுக்குக் கான்கிரீட் போட்டது. கடற்கரையில் கான்கிரீட்டா என்று உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். 2022-ல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இப்பே இனங்களைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பர் 25 முதல் ஏற்றுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

அப்படியென்றால் ஏற்கெனவே டெக்குகளில் படுத்திருக்கும் பலகைதான் இனி சொத்து. சட்டம் மக்கிய பிறகு அதைச் சேதமில்லாமல் கழற்றி மறுபடி போட முடியுமா என்பதே கேள்வி. பதில், தக்கையை எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்பதில் இருக்கிறது. பழைய கப்பல் தச்சர்கள் கெட்டிப் பசை போட மாட்டார்கள். வார்னிஷ் அல்லது வெள்ளை ஈயப் பூச்சில் தோய்த்து வைப்பார்கள். தண்ணீர் போகாத அளவுக்குப் பிடித்தால் போதும், நாளைக்கு ஒருவன் திறக்க வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று எபாக்சி போட்டு ஒட்டுகிறவர் தக்கை எழும்பவே எழும்பாது என்று பெருமைப்படுகிறார். உண்மைதான், பின்னால் வருபவர் உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும், கூடவே பலகையும் சிராய்க்கும்.

வார்னிஷில் வைத்த தக்கையை எடுக்க ஒரு பழைய உபாயம் உண்டு. தக்கையின் நடுவில் ஒரு பொடித் துளை போட்டு, அதில் ஒரு சின்ன ஸ்க்ரூவைத் திருக வேண்டும். அது இறங்கி இறங்கி, கீழே ஒளிந்திருக்கும் பெரிய ஸ்க்ரூவின் தலையில் முட்டி நிற்கும். மேலும் திருகினால் அது கீழே போக வழியில்லை, அதனால் தக்கை மேலே ஏறி வரும். முழுசாக, குழியின் விளிம்பு கெடாமல். பிறகு தலையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுப் பெரிய ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் திருகினால் பலகை கையோடு வந்துவிடும். புதுச் சட்டத்தின் மேல் போடும்போது அதே குழிக்குப் புதுத் தக்கை. குழியின் வாய் கொஞ்சம் தேய்ந்திருந்தால் ஒரு சைஸ் பெரிய தக்கை.